பாய்மர உச்சியில் ஏறிய ஜாக்கெட்

அத்தியாயம் ஒன்பது

“நாளைக்குப் பதினாறு, சேர். எம்புள்ள படத்துக்கு மாலை போடவா, வேணாமா? அத மட்டும் சொல்லிருங்க.”

சுந்தரலிங்கம் கேட்டது அவ்வளவுதான். கேட்டுவிட்டு, கண்டி கொழும்பு வீதிப் புடவைக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தின் ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்து, கையிலிருந்த த்ரீவீல் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உதவியாளாக இருந்த ரிப்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத ஆட்கள் முன்னால் அவள் வாய் சும்மா இருக்காது. பிறவியிலேயே வந்த கோளாறு அது.

“தேத்தண்ணி போடவா அங்கிள்? இந்த ஒபிசுல ஒழுங்கா நடக்கிற ஒரே வேல அதுதான்.”

சுந்தரலிங்கம் சிரிக்கவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்த ஸ்ரீதரனும் சிரிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது ஸ்ரீதரன் இருபது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்தவர். இப்போது சொந்தமாகத் தோண்டுகிறார். தொலைந்த நகை, ஓடிப்போன மருமகன், ஆளில்லாத காணிக்கு முளைத்த உறுதிப்பத்திரம், இவைதான் அவருடைய சரக்கு. கண்டி வாவியைத் தவிர வேறு தண்ணீரை அவர் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் தலையில் போய் ஒரு கடல் வழக்கு விழுந்திருந்தது.

விஷயம் இதுதான். சுந்தரலிங்கத்தின் ஒரே மகள் லோஜினி. வயது இருபத்து நான்கு. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், இப்போது மூடிக்கிடக்கும் ஒரு சின்னப் படகுக் கழகத்தில் அப்பா பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். மகள் அங்கேயே பாய்ப்படகு ஓட்டப் பழகினாள். போன மாதக் கடைசியில் அறுகம்பையிலிருந்து திருகோணமலை வரை கரையோர நெடும் ஓட்டம் ஒன்று நடந்தது. நான்கு நாள். பதினான்கு அடிக்கு மேற்படாத படகு, படகுக்கு ஒரே ஆள், இயந்திரம் கிடையாது. இருட்டினால் எந்தக் கரையிலாவது படகை இழுத்துப் போட்டுவிட்டு உறங்க வேண்டியதுதான். பன்னிரண்டு படகுகள் புறப்பட்டன, பதினொன்று போய்ச் சேர்ந்தன.

வராத படகு லோஜினியுடையது. இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டரைக்கு, மட்டக்களப்பைத் தாண்டிய இடத்தில், அவள் படகிலிருந்த ட்ராக்கர் அணைந்துபோனது. அன்றைக்குக் கச்சான் காற்று. அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. இரண்டு நாள் கழித்து முப்பது மைல் வெளியே, வாழைச்சேனையிலிருந்து போன பலநாள் மீன்பிடிப் படகு ஒன்று அவள் படகைக் கண்டெடுத்தது. சுக்கான் உடைந்திருந்தது, ஆளைக் காணவில்லை. ‘லைஃப் ஜாக்கெட் படகோடு கிடைத்தது’ என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. ஒன்பதாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வத்தேகமை வீட்டில் தாய் அங்கம்மா மகளின் படத்தை இறக்கிப் பொட்டு வைத்தாள். சுந்தரலிங்கம் அதைத் துடைத்துவிட்டு இங்கே வந்துவிட்டார். அவரிடம் ஒரேயொரு நியாயம் இருந்தது. மூன்று நாளாக அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தண்ணியில விழப்போறவ ஜாக்கெட்டக் கழட்டி வச்சிட்டா விழுவா? பயமில்லாத எடத்துக்குப் போனவதான் கழட்டுவா. வேற ஏதோ ஒரு படகுல ஏறிட்டா சேர். எவனோ ஏத்திக்கிட்டான்.”

அந்த நியாயத்தை ஸ்ரீதரனால் உடைக்க முடியவில்லை. அதனால்தான் வழக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க” என்று போனை நீட்டினார். ஓட்டத்தின் வரைபடம். பன்னிரண்டு படகுகள் போன வழியும் பன்னிரண்டு கோடுகளாகக் கிடந்தன. லோஜினியின் கோடு பாதியில் நின்றது. அதற்கு வடக்கே இன்னொரு கோடு நேராகப் போய், திடீரென்று கடல்பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நேராகப் போயிருந்தது.

“நாலாம் நம்பர் படகு. மூணு பத்துக்குத் திரும்பியிருக்கான். பதினொரு நிமிஷம்.”

“ஒண்ணுக்குப் போனாலும் அவ்வளவு நேரம் எடுக்காது சேர்” என்றாள் ரிப்கா.

“அலவத்துகொட அகீல். உங்க மகளோட அதே கழகத்துல பழகின பையன். மூணாவதா வந்தான். லோஜினிய அன்னைக்குக் கண்ணாலயும் காணலன்னு விசாரணையில எழுதிக் குடுத்திருக்கான்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் ரிப்கா தேநீர் போட எடுத்த கோப்பையைக் கீழே வைத்தாள். அவளும் அலவத்துகொடைக்காரி. அகீலின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கை, இருக்கிறாள். அந்தச் சாச்சிக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு கோழியும் முட்டையிட்டதில்லை. நேற்று போனில் அந்தச் சாச்சி சொன்ன ஒரு செய்தியை ரிப்கா வெறும் ஊர்க்கதை என்று காதில் வாங்கிப் போட்டிருந்தாள். இப்போது அது வேறு மாதிரித் தெரிந்தது.

“சேர், அகீல் வந்து ரெண்டு கெழம ஆவுதாம். மாடி அறைய விட்டு எறங்குறதே இல்லையாம். ஆனா சாச்சி சொன்னா, நேரத்துக்கு நேரம் மாடிக்கு ரெண்டு பீங்கான் சோறு போவுதாம்.”



“ரெண்டா?” என்றார் சுந்தரலிங்கம்.

“ரெண்டு.”

அவர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். “நான் போய் வண்டிய எடுத்துட்டு வாறேன். பெரஹரா ஊர்வலத்துக்கு ரோட்ட அடைக்க முந்திப் போயிறணும்” என்று சொல்லிக்கொண்டே, வயசுக்குப் பொருந்தாத வேகத்தில் படியிறங்கினார். அப்படி ஒரு நம்பிக்கையை ஒரு மனிதன் கையில் கொடுத்துவிட்டோமே என்று ரிப்காவுக்கு அப்போதே உறைத்தது.

அவர் போன இரண்டாவது நிமிடத்தில் ஸ்ரீதரனின் போன் அடித்தது. இரண்டு நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள், படகைக் கண்டெடுத்த வாழைச்சேனைப் படகின் தலைவர் ராஜலிங்கம். கடலிலிருந்து இன்றைக்குத்தான் கரைக்கு வந்திருந்தார். ஸ்ரீதரன் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

“ஓம் தம்பி, நாங்கதான் எடுத்த. படகு ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடந்த. பாய எறக்கிச் சுருட்டிக் கட்டிக் கிடந்த. அந்தச் செம்மஞ்சள் ஜாக்கெட் பாய்மரத்துட உச்சியில கிடந்த.”

“உச்சியிலயா? படகுக்குள்ள இல்லையா?”

“இல்ல தம்பி, பாய் ஏத்துற கயித்துல கட்டி மேல ஏத்திக் கிடந்த. நாங்க எறக்கிக் குடுத்த. எங்க கிடந்ததெண்டு ஒருத்தரும் கேக்கல, நாங்களும் சொல்லல.”

“லேசா எறங்கிச்சா?”

“எங்க எறங்குற? கயிறு உச்சிக் கப்பியில சிக்கிப் போச்சு. வெட்டித்தான் எடுத்த. கீழ்ப்பக்கக் கயிறு பஞ்சு பஞ்சாப் பிஞ்சு கிடந்த.”

ஸ்ரீதரன் நன்றி சொல்லி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். நல்ல சேதி வந்தால் அவர் இப்படித் துடைப்பதில்லை.

“என்ன சேர்?”

“இத அவருகிட்டச் சொல்லாத. இப்போதைக்கு வேணாம்.”

கீழே ஹோன் அடித்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு நெரிசல், அக்குறணையில் இன்னொரு நெரிசல். மழை பொழிந்து தள்ளியது. பின் சீட்டில் ஸ்ரீதரன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். த்ரீவீலில் ஏறினால் அவருக்கு வயிறு புரட்டும். வேறு நாளாக இருந்தால் ரிப்கா அதை வைத்தே மாத்தளை வரைக்கும் பேசியிருப்பாள். இன்றைக்குப் பேசியதெல்லாம் சுந்தரலிங்கம்தான்.

“அகீல் நல்ல பையன், மகள். எனக்கு அவன ஏழு வயசுலேருந்து தெரியும். ரெண்டும் ஒண்ணாத்தான் பழகிச்சுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, சண்டையும் புடிச்சிருக்கேன். வேற மார்க்கம், நமக்குச் சரிவராதுன்னு. அதுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்கா போல.” கண்ணாடியில் ரிப்காவைப் பார்த்தார். “நிக்காஹ் முடிஞ்சிருந்தாலும் நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அவ அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அங்க இருந்தாச் சரி மகள். அங்க இருந்தாப் போதும்.”

“இருந்தா நானே முதல்ல ரெண்டு போடுவேன் அங்கிள். நீங்க ஒண்ணும் சொல்லாட்டியும்.”

அவர் சிரித்தார். பதினைந்து நாளில் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், பாதியில் இருமலாகிவிட்டது. ரிப்கா சட்டென்று தலையைத் திருப்பி ஸ்ரீதரனின் காதோரம் குனிந்தாள்.

“என்ன சேர் பிரச்சின? கழட்டி மேல கட்டியிருக்கா. வேற படகு கண்டிருக்கும், வந்து ஏத்தியிருக்கும். அகீல்தான் பதினொரு நிமிஷம் திரும்பினானே?”

“ஏத்தின கயித்தாலதான் எறக்கவும் வேணும். கயிறு மேல சிக்கியிருந்துச்சு. கீழ பிஞ்சிருந்துச்சு.” மழை அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “காப்பாத்தப்பட்டு இன்னொரு படகுல ஏறின புள்ள, எதுக்கு ரிப்கா கயிறு பிய்யுற மட்டும் அந்த ஜாக்கெட்ட இழுக்கணும்?”

ரிப்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனாலும் இரண்டு பீங்கான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அலவத்துகொட வரும் வரைக்கும் அந்த இரண்டு பீங்கானையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

சுந்தரலிங்கத்தை வண்டியிலேயே இருக்கச் சொன்னார் ஸ்ரீதரன். “முதல்ல நாங்க பாத்துட்டு வாறோம் அண்ணே. திடீர்னு உங்களக் கண்டாப் பயந்துருவா.” அந்தப் பொய் அவருக்கு லேசாக வரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சுந்தரலிங்கம் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

கதவைத் திறந்தது அகீலின் உம்மா. ரிப்காவைக் கண்டதும் முகம் விழுந்தது.

“மாமி, அகீலோட கொஞ்சம் பேசணும்.”

“அவனுக்கு ஏலாது மகள். யாரோடயும் பேசுறானில்ல.”

“யாரோடயும் இல்லையா மாமி? அப்ப சாப்பாடு மட்டும் ஜோடியாப் போவுதே.”

உம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் இல்லை. ரிப்காவுக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. விளங்கியும் படியேறினாள், இரண்டிரண்டு படியாக.

மாடி அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். திறந்தது அகீலின் தங்கை ருஷ்தா, சோறு ஒட்டிய விரல்களோடு. உள்ளே ஒரு சின்ன மேசை. மேசையில் இரண்டு பீங்கான். ஒன்றில் பாதிச் சோறு தின்றிருந்தது, மற்றது தொட்டும் தொடாமலும் அப்படியே இருந்தது. கட்டிலில் அகீல் இருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் உள்ளே போய், வெயிலில் கருத்த மூக்கு மட்டும் உரிந்துகொண்டிருந்தது.

ரிப்கா கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறையைத் திறந்து பார்த்தாள். வெட்கத்தை விட்டு அலுமாரியையும் திறந்து பார்த்தாள். சேர்ட்டுகள் தொங்கின.

“யாரத் தேடுறீங்க?” என்றாள் ருஷ்தா.

“ரெண்டாவது பீங்கான் யாருக்கு?”

“எனக்குத்தான். நான் முன்னால இருந்து தின்னாத்தான் அகீல் நானா ரெண்டு வாய் வைப்பாரு. இல்லாட்டி நாள் முழுக்கத் தண்ணிதான்.”

அவ்வளவுதான் அந்த இரண்டு பீங்கான் கதை. ரிப்கா போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். கீழே த்ரீவீலின் தலை தெரிந்தது. அதற்குள்ளே ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார். இந்தப் படியை எப்படி இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீதரன் ஒரு கதிரையை இழுத்து அகீலின் எதிரில் போட்டு உட்கார்ந்தார். வரைபடத்தைக் காட்டினார்.

“மூணு பத்துக்குத் திரும்பினீங்க தம்பி.”

“வல கெடந்துச்சு. ஒதுங்கின. எழுதிக் குடுத்தீக்கி.”

“வாசிச்சேன். வலைக்கு ஒதுங்குறவன் சுத்திக்கிட்டு முன்னால போவான். நீங்க போன வழியிலயே திரும்பி வந்திருக்கீங்க. வல இல்ல தம்பி, ஒண்ணக் கண்டு போனீங்க. பெறகு மனச மாத்திட்டீங்க. என்ன கண்டீங்க?”

அகீல் தங்கையைப் பார்த்தான். ருஷ்தா பீங்கானை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“ஜாக்கெட்” என்றான் அகீல். “தூரத்துல. மரத்து உச்சியில செம்மஞ்சளா. பாய் எறக்கியிருந்துச்சு. லோஜின்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிச்சு. அந்தக் கடலுல அப்படிச் செய்றதுக்கு வேற ஆளில்ல.”

“ஏன்?”

“அது எங்கட கழகத்துப் பழக்கம் சேர். டேம்ல பின்னேரம் காத்து விழுந்துரும். படகு அசையாது. ஜாக்கெட்டக் கழட்டி மரத்துல ஏத்திட்டு, பாயச் சுருட்டிப்போட்டுக் கால நீட்டிப் படுத்துக்குவோம். கரையில கண்டுட்டு மோட்டர் போட் வந்து இழுத்துட்டுப் போவும். அவசரம்னு அர்த்தமில்ல. வந்து கூட்டிப் போங்க, ஆறுதலா வந்தாலும் சரி. அவ்வளவுதான்.”

“அவகிட்ட ஆபத்துக்குக் காட்டுற புகைக் குச்சி இருந்திச்சே. அதக் கொளுத்தியிருக்கலாமே?”

“கொளுத்தினா ஓட்டத்துலேருந்து வெளிய போட்டுருவாங்க. இன்னொரு போட்டிக்காரன் உதவினாப் பரவாயில்ல, அதுக்கு எடமீக்கி. அவ என்னையக் கண்டிருப்பா. கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தாச் சுக்கானக் கட்டிட்டு மறுபடி ஓடலாம்னு நெனச்சிருப்பா.” அகீலின் குரல் தேய்ந்தது. “சுக்கான் ஒடைஞ்சது எனக்குத் தெரியாது. களைச்சுப்போய் விட்டுட்டாள்னு நெனச்சேன். பின்னால ஒரு வெள்ளப் படகு வந்துச்சு, ஓட்டத்துக் காவல் படகுன்னு நெனச்சேன். நான் அப்ப நாலாவது. முன்னால ஒருத்தன் பிந்திட்டு வாறான். மூணாவது எடம். திரும்பிட்டேன்.”

“அது காவல் படகு இல்ல.”

“மீன் படகு. அது அவ பக்கமே போவல.”

மிச்சத்தை யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. டேமில் கயிறு சிக்கினாலும் ஒன்றுமில்லை, தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் கச்சான் அவளை வெளியே தள்ளிக்கொண்டே போயிருக்கும். அலை ஏறியபோது ஜாக்கெட்டை இறக்கப் பார்த்திருப்பாள், கயிறு பஞ்சாகும் வரை இழுத்திருப்பாள். சரிந்த படகு முழுதாகக் கவிழாமல் மரத்தின் உச்சியைத் தூக்கிப் பிடித்தது அந்த ஜாக்கெட். அவளைப் பிடிக்க அவள் உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ரிப்கா பகிடி விட ஒரு வார்த்தையைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“ஜாக்கெட் மரத்துல இருந்தது கீழ இருக்கிற அவருக்குத் தெரியாது” என்றார் ஸ்ரீதரன். “படகுக்குள்ள கெடந்துச்சுன்னுதான் நெனச்சிட்டு இருக்காரு. அப்படியே இருக்கட்டும். அவ இங்க இல்லன்னு மட்டும் நான் சொல்லிக்கிறேன்.”

அகீல் தலையைத் தூக்கினான். “அங்கிள் வந்தீக்காரா?”

“த்ரீவீல்ல இருக்காரு.”

“உங்களுக்கு அவரு சொல்லலையா?” அகீல் எழுந்து நின்றான். “அந்த மோட்டர் போட் ஓட்டினது யாருன்னு நெனச்சீங்க?”

கழகத்தில் வேலை என்றுதான் சுந்தரலிங்கம் சொல்லியிருந்தார். காவல்காரர் என்று இவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். துப்பறிகிறவர்கள் இருவரும் மூன்று நாளாக என்ன வேலை என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. ஸ்ரீதரன் கதிரையிலிருந்து எழுவதற்குள் அகீல் படியில் இறங்கிவிட்டான். இரண்டு கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக. உம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

ரிப்கா பின்னால் ஓடினாள். வெறுங்காலோடு மழையில் அவன் த்ரீவீலருகில் போய் நின்றுவிட்டிருந்தான். சுந்தரலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ரிப்கா வந்தாள், பிறகு ஸ்ரீதரன் வந்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

“அங்கிள்” என்றான் அகீல். “அவ ஜாக்கெட்ட ஏத்தினா. நான் கண்டேன். கண்டுட்டுப் போயிட்டேன்.”

சுந்தரலிங்கம் அவனை அடிப்பார் என்று ரிப்கா நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

“எத்தன மணிக்கு?”

“மூணு பத்து.”

“மூணு பத்து” என்று அவர் சொல்லிப் பார்த்தார். “அன்னைக்கு மூணு பத்துக்கு நான் கட்டுகஸ்தோட்ட ஸ்டாண்ட்ல தூங்கிட்டு இருந்தேன்.”

மழை ரெக்சின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அகீல் அழுதான். சுந்தரலிங்கம் அழவில்லை. சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

“அவ ஒன்பது வயசுல தனியாப் படகு எடுத்தா சேர். அன்னைலேருந்து கழகத்த மூடுற வரைக்கும், ஜாக்கெட்ட ஏத்திட்டா அஞ்சு நிமிஷத்துக்கு மேல நான் அவளக் காக்க வச்சதே இல்ல.”

ஸ்ரீதரன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சுந்தரலிங்கம் அதற்கு இடம் கொடுக்காமல் சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து, அகீலுக்குத் தன் பக்கத்தில் இடம் காட்டினார்.

“ஏறுப்பா, நனையாத. நீயும் வா. வத்தேகமையில அஞ்சரைக்குப் பூக்கடை மூடிருவான்.”